ஆறரைக்குப் பிறகு

ஸ்டூல் வந்துட்டு. சிவப்பு, நீலம், எனக்குக் கிடைச்சது பச்சை. மொட்டைமாடி குடோன்ல தூசி மண்டிக் கிடந்ததுகளைக் கழுவித் தூக்கிட்டு வந்து கவுண்டருக்கு ஒண்ணாப் போட்டிருக்கானுவ, கால் இடுக்குல ஈரங்கூடக் காயல. உக்காருங்கம்மா, உக்காருங்கன்னு செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஒவ்வொரு கவுண்டராக் கையக் காட்டிக்கிட்டே போறாவ. சேலை விக்கிற இந்த மாடிக்கு அவியதான் மேனேஜர். நேத்து வரைக்கும் லேசா இடுப்பச் சாச்சாப் போதும், என்ன முப்பிடாதி, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கன்னு கேட்ட வாயி. இன்னைக்கு அதுல தேன் வடியுது. எனக்குன்னா உக்காரப் பயம். உக்காந்து எந்திரிச்சா முட்டு ரெண்டும் பூட்டிக்கிடும், பெறவு அதத் திறக்கதுக்குள்ள உசிரு போயிரும். நின்ன கால் நின்னபடியே இருந்தா ஒண்ணுந் தெரியாது. கடையில நிக்கிற பொம்பளைக்கு உக்கார இடம் போடணும்னு சட்டமே வந்துருக்காம். வந்தப்ப இந்த ஸ்டூலுவளும் வந்துச்சு, எங்கள உக்கார வச்சுப் போட்டோ புடிச்சாவ, மறுநா மொட்டைமாடிக்குப் போயிட்டு. இப்ப ஆபீசர் வாராவன்னு இறங்கியிருக்கு. வந்துட்டாவ வேற. அந்தா, லிஃப்டுக்கு எதுத்தாப்ல முத கவுண்டர்ல மாரிக்கனிகிட்டக் குனிஞ்சு என்னமோ கேட்டுக்கிட்டு நிக்காவ. லேபர் ஆபீஸ்ல இருந்து வந்த அம்மா. கையில ஃபைலு, தோள்ல கறுப்புப் பை, பொட்டு வேர்வையில கொஞ்சம் எறங்கியிருக்கு. அங்கன இருந்து ஒவ்வொரு கவுண்டரா வந்தா எங் கவுண்டர் கடைசி. மத்தியானம் சாஞ்ச நேரம், யாவாரம் மந்தம். நான் சேலைய மடிக்கேன், பிரிக்கேன், திரும்ப மடிக்கேன்.

கேக்கப்போறது என்னன்னு எங்களுக்குத் தெரியும், சொல்லப்போறது என்னன்னும் தெரியும். காலைல பிரேயர் முடிஞ்ச கையோட அண்ணாச்சி சொல்லிக் குடுத்துட்டாவ. காலைல பத்து மணிக்கு வாறோம் மேடம், சாயங்காலம் ஆறரைக்குப் போயிருவோம், மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ரெஸ்ட்டு உண்டு. சாமி பாட்டு பாடின அதே ராகத்துல எல்லாருஞ் சேந்து சொன்னோம். அண்ணாச்சிக்குத் திருப்தி இல்ல, இன்னொரு தடவைன்னாவ. பெறவு ரெண்டாவது பாடம். ஜெபராணியப் பத்திக் கேட்டா, அன்னைக்கு அவ ஆறரைக்கே போயிட்டா, தங்கச்சி நிச்சயத்துக்குச் சேலை எடுக்கத் திரும்பி வந்தா, கஸ்டமரா வந்த எடத்துல கால் இடறி விழுந்துட்டா. அதையும் சொன்னோம். நான் வாய மட்டும் அசைச்சேன். சாமி பாட்டுக்கே நான் வாய மட்டுந்தான் அசைக்கது, அது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அந்தம்மா முன்னாடி வாய மட்டும் அசைச்சா எப்படி? சத்தம் வரணுமே. என்ன சத்தம் வரும்னு எனக்கே தெரியல, அதான் சங்கடம். ஆபீசர் வருவாவன்னு தெரிஞ்சதுல இருந்து ரெண்டு நாளா இதையேதான் மெல்லுதேன். சோறு எறங்கல. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்காரி என்னக்கா காய்ச்சலான்னு கேட்டா, ஆமான்னு சொல்லி வச்சேன்.

ஜெபராணி இந்தக் கவுண்டர்தான். எனக்கு இடது கைப்பக்கம் நிப்பா. இப்பமும் நான் சேலைய விரிக்கையில அவளுக்கு எடம் விட்டுத்தான் விரிக்கேன், கோட்டிக்காரி மாதிரி. சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரி. வாயி ஓயாது. சேஃப்டி பின்ன வாங்குனான்னா திருப்பித் தரமாட்டா, கேட்டா உங்களதா இது, எனக்குக் கர்த்தர் குடுத்ததுல்லான்னு சிரிப்பா. மோட்டு வளையப் பாத்துக்கிட்டு கீச்சுக் குரல்ல பாடிக்கிட்டே மடிப்பா. எனக்கு அவளப் பிடிக்கும்னு சொல்லமாட்டேன். எத்தன நாளு, இவ கொஞ்சம் வாயப் பொத்துனா என்னன்னு மனசுக்குள்ள ஏசியிருக்கேன். கவுண்டர்ல பேசக்கூடாதுங்கது கடைச் சட்டம். அதனால நாங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம, நேரே வாசலப் பாத்துக்கிட்டு, உதடு அசையாமப் பேசப் பழகியிருந்தோம். அவ மூஞ்சியவிட அவ குரலுதான் எனக்கு நல்லாத் தெரியும். இடது காதுக்குள்ளயே குடியிருந்தா. இப்ப அந்தக் காதுல ஏசி சத்தந்தான் கேக்கு. கடையில இத்தன பேரு இருக்காவ, மைக்குல பாட்டு ஓடுது, ஒரு ஆளு பேச்சு இல்லாமப் போனதுக்கு இப்படியா பாழடிச்சுப் போவும்?

தண்ணி கேன் சமாச்சாரத்துல உள்ள தில்லுமுல்லை மொதல்ல புரிஞ்சுக்கிட்டது அவதான். அதாவது சாயங்காலம் மைக்குல ஒரு அறிவிப்பு வரும். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் வந்துவிட்டதுன்னு அழகாச் சொல்லுவாவ. கஸ்டமருக்கு அது தண்ணி கேனு. எங்களுக்கு அது ஆறரை. கவுண்டருக்கு ஒருத்தியாக் கிளம்பி, தண்ணி குடிக்கப் போற மாதிரி பின்பக்கம் போயி, அங்க செவுத்துல இருக்க மிசின்ல பெருவிரல வச்சுட்டு வந்துரணும். வச்ச உடனே வேலை முடிஞ்சு நாங்க வீட்டுக்குப் போயிட்டோம்னு அது எழுதிக்கிடும். நாங்க திரும்பி வந்து கவுண்டர்ல நிப்போம், கடை சாத்துத வரைக்கும். அதுக்கு மேல சேலைய அடுக்கி முடிக்க வரைக்கும். சரிகைச் சேலை பிரிச்சுப் பிரிச்சு எம் பெருவிரல்ல ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு, மிசினு பாதி நாளு மறுபடி வை, மறுபடி வைங்கும். முந்தானையில தொடைச்சுத் தொடைச்சு வப்பேன். கடைசியில அது தேங்க்யூங்கும். இந்தக் கடையில எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆளு அதுதான். ஜெபராணி சொல்லுவா, அக்கா, நம்ம விரலு எப்பவோ வீட்டுக்குப் போயி சோறு பொங்கி சாப்பிட்டுருக்கும், நாமதான் இன்னும் இங்கன நிக்கோம்னு. நான் சிரிக்கமாட்டேன். ராத்திரி கட்டில்ல படுத்து அத நெனச்சா மட்டும் சிரிப்பு வரும். தனியாச் சிரிச்சா பக்கத்துல உள்ளவ என்ன நெனப்பாளோன்னு போர்வைய மூஞ்சியில போட்டுக்கிடுவேன்.

அந்தம்மா ரெண்டாவது கவுண்டருக்கு வந்துட்டாவ. மாரிக்கனி முடிச்சுட்டா போல, என்னப் பாத்து ஒரு முழி முழிச்சா. அண்ணாச்சி தூண் பக்கத்துல நிக்காவ. அந்தம்மா அவியளத் தள்ளி நில்லுங்க, ஸ்டாஃப்கிட்டத் தனியாப் பேசணும்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. தள்ளித்தான் நிக்காவ. ஆனா தூண் நாலு பக்கமும் கண்ணாடில்லா. சேலைய மேல போட்டுப் பாக்கதுக்குன்னு வச்ச கண்ணாடி. அவிய எந்தப் பக்கந் திரும்பினாலும் நாங்க அத்தன பேரும் தெரிவோம். இந்த ஊர்ல, இந்தக் கடையில, கண்ணாடி இல்லாத எடமே கெடையாது, கடிகாரந்தான் கெடையாது. சன்னலுங் கெடையாது. கஸ்டமருக்கு நேரம் போறது தெரியக்கூடாதாம். எங்க கைக்கடிகாரத்தையும் போனையும் காலைல லாக்கர்ல வாங்கி வச்சிருவாவ. ஆனா எனக்கு நேரந் தெரியும். காலேஜ் பிள்ளைய வந்து எதையும் வாங்காமக் கலைச்சுப் போட்டுட்டுப் போனா அது ஒரு நேரம். ஆபீஸ் முடிச்சு வாரவ தலையில பூ வாடியிருக்கும், அது ஒரு நேரம். குடும்பத்தோட வாரது பெறவு. தோள்ல பிள்ளை தூங்கி, தலை தொங்கி, வாயில எச்சி வடிய ஆரம்பிச்சிச்சுன்னா மணி ஒம்பதத் தாண்டிட்டுன்னு அர்த்தம். இது எந்த மிசினுக்கும் தெரியாது. தெரிஞ்சு என்ன செய்ய? நேரந் தெரிஞ்சவளுக்குக் கால் வலி கூடத்தான் செய்யும். தெரியாம இருந்தாலே நல்லாருக்கும்னு தோணும்.

பின்பக்கம், நாங்க சாப்பிடுத ரூமுக்குப் போற வழியில, செவுத்துல ஒரு போர்டு இருக்கு. வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு ரெண்டு மடங்குக் கூலின்னு என்னென்னமோ. அதுக்கு முன்னாடி எப்பவும் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். ஜெபராணி ஒருநா பெட்டிய ஒதுக்கிட்டு அத வேதம் வாசிக்க மாதிரி சத்தமா வாசிச்சா. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னு நிறுத்தி, எங்க மூஞ்சியெல்லாம் பாத்தா. அத்தன பேரும் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தோம். நாந்தான் சொன்னேன், ஏ புள்ள, சாம்பார் ஆறுது, வந்து தின்னுன்னு. அவ வந்து உக்காந்து தின்னா. தின்னுக்கிட்டே, இது நமக்குச் சேர வேண்டியதுக்கா, ஒருத்தரும் பிச்சை போடலன்னா. சேர வேண்டியது! எனக்குச் சேர வேண்டியதுன்னு ஒண்ணு இருக்குன்னு எவ சொல்லி நான் கேட்டிருக்கேன்? கட்டுனவன் பம்பாய்க்குப் போனான், போனவன் போனவன்தான். அண்ணன் வீட்டுல மதினி கதவத் தொறக்கும்போதே எப்பப் போறன்னு கேக்கிற மூஞ்சியோடதான் தொறப்பா. அண்ணன் பொங்கலுக்கு ஒரு போன் போடுவான், நல்லாருக்கியாம்பான், நல்லாருக்கேம்பேன், வச்சிருவான். எனக்குச் சேர்ந்ததுன்னா ஹாஸ்டல்ல செவுத்தோரமாக் கீழ்க் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, கொடியில ரெண்டு கிளிப்பு. அதுவும் கடை குடுத்தது. கடைய எதுத்து ஒரு வார்த்தை பேசினா, வேலை போன அன்னைக்கே கட்டிலும் போயிரும். முன்னால ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. மத்தியானம் வாய்ச்சண்டை, விளக்கு வைக்கையில அவ பெட்டி கேட்டுக்கு வெளிய கெடந்துச்சு. அவ அதுமேல உக்காந்திருந்தாளாம். எங்க போனாளோ, யாருக்குத் தெரியும்.

மூணாவது கவுண்டர். சீக்கிரம் முடிஞ்சிரும் போல. எல்லாரும் ஒண்ணுபோலச் சொன்னா எழுதுததுக்கு என்ன இருக்கு? நானும் சொல்லிட்டாப் போச்சு. பத்து மணிக்கு வாறோம் மேடம், ஆறரைக்குப் போயிருவோம். நாக்கு புரளுது, பாரு. நல்லாத்தான் வருது. ரெண்டாவதுதான் தொண்டையில நிக்கு. கஸ்டமரா வந்தா. யாரு, அவளா? கஸ்டமரா வந்தவ லிஃப்ட்ல வந்திருக்கணும். எங்களுக்கு லிஃப்டு கெடையாது, பின்படிதான். எந்தக் கஸ்டமரு தலையில சேலைப் பண்டலத் தூக்கி வச்சுக்கிட்டு பின்படியில இறங்குவா? எந்தக் கஸ்டமரு கடை யூனிஃபார்ம் சேலையக் கட்டிக்கிட்டு வருவா? அதுக்கும் அண்ணாச்சிகிட்டப் பதில் இருக்கு, மாத்தாம அப்படியே வந்துட்டாளாம். அன்னைக்கு எங் கவுண்டர்ல ஒரு அம்மா, தோள்ல பிள்ளை தூங்குது, எச்சி அவிய ரவிக்கைய நனைச்சுட்டு. மெரூன்ல வேற கரை காட்டுங்கன்னு கேட்டாவ. இங்க இல்ல, மேல குடோன்ல இருக்குன்னு அண்ணாச்சி ஜெபராணியப் பாத்து விரலச் சொடக்குனாவ. போறேன்னு போனா. கொஞ்ச நேரத்துல பின்பக்கம் ஒரு சத்தம். பெட்டி விழுந்த சத்தம்னு நெனச்சேன். கதவத் தொறந்து பாக்கேன், படி வளைவுல கெடக்கா, சுத்திச் சேலை. மெரூனு, மெரூனு, எல்லாம் மெரூனு. ரத்தமோன்னு குனிஞ்சு தொட்டுப் பாத்தேன். ரத்தம் இல்ல. கால் ஒருபக்கமாத் திரும்பிக் கெடந்துச்சு. அவ அழக்கூட இல்ல, சேலை அழுக்காயிட்டாக்கான்னு கேட்டா. பின்னாலயே அண்ணாச்சி வந்து, போ முப்பிடாதி, கஸ்டமர் நிக்காங்கன்னாவ. பாட்டுச் சத்தத்தைக் கூட்டுனாவ. அவளப் பின்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனானுவ. நான் கதவச் சாத்திட்டு வந்தேன், எங் கை நடுங்குனதை அந்தக் கஸ்டமரம்மா பாத்துட்டு, ஏசி கூடுதலா வச்சிருக்காங்கல்லன்னு கேட்டாவ.

லீவு அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிட்டு. இடுப்பெலும்புல பிளேட்டு வச்சிருக்கு. நடக்கலாமாம், ஆனா இனி ரொம்ப நேரம் நின்னு பாக்க வேலை முடியாதாம். நிக்கதத் தவிர எங்களுக்கு வேற என்ன தெரியும்? அவளப் பாத்து உக்காந்தா எனக்கு ஒரு பேச்சு வரல. அவ மூஞ்சி இவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாது. அவளும் என்னையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. பெறவு நான் ஸ்டூலத் தூக்கி அவ தலைமாட்டுப் பக்கமாப் போட்டு, ரெண்டு பேரும் எதுத்த செவுத்தப் பாக்க மாதிரி உக்காந்தேன். உடனே பேச்சு வந்துட்டு. கடையில இருந்து ஒப்புக்கு ஹார்லிக்ஸும் ஆப்பிளும் குடுத்தனுப்பியிருக்கு. வேலை நேரத்துல விழுந்தான்னு ஆனாத்தான் கடை பொறுப்பு ஏக்கணும், மிசின்ல நீ ஆறரைக்கே போயிட்டம்மான்னு சொல்லிட்டாவளாம். அவ அண்ணன் லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கான். ஆபீசர் வருவாவன்னு சொன்னா. சாட்சிக்கு எம் பேரப் போட்டிருக்கியாளான்னு கேட்டேன். இல்லக்கான்னா. போட்டா உங்க பெட்டி ரோட்டுக்கு வந்துரும்லா, நீங்க எங்க போவீங்க? உங்களுக்கா சொல்லணும்னு தோணினாச் சொல்லுங்க, இல்லன்னா விட்டுருங்கன்னா. இவள என்ன செய்யலாம் சொல்லுங்க? பேரப் போட்டிருந்தா, போட்டுட்டாளே சண்டாளி, நான் என்ன செய்யன்னு சொல்லி நானும் தப்பிச்சுருக்கலாம். போடாம விட்டுட்டு, பெரிய தியாகி மாதிரி பிஸ்கெட்டப் பிரிச்சு எனக்கும் ரெண்டு நீட்டுதா. எனக்குக் கோவம். பஸ்ஸுல வாரப்ப கோவம், கட்டில்ல படுத்தப்பயும் கோவம். விடிய விடிய நெனச்சுப் பாத்ததுல ஒண்ணு வெளங்கிச்சு. நான் எங்க போவேன்னு யோசிச்ச ஆளு இந்த ஒலகத்துல அவ ஒருத்திதான். எங்க அண்ணன்கூட யோசிச்சதில்ல. அது வெளங்குனதும் கோவம் இன்னும் கூடிட்டு.

வந்துட்டாவ, பக்கத்துக் கவுண்டருக்கு. பேச்சு கேக்கு. பத்து மணி, ஆறரை, அரை மணி நேரம் ரெஸ்ட்டு. பேனா ஓடுத சத்தம். அந்தப் பிள்ளை கொஞ்சம் ராகத்தோடயே சொல்லுதா, பிரேயர் ராகம். சரி, முப்பிடாதி, முடிவு பண்ணிரு. சொன்னா என்ன ஆவும்? இத்தன பேரு ஒண்ணு சொல்லையில ஒருத்தி வேற சொன்னா, அந்தப் பொம்பளைக்குக் கோட்டி புடிச்சிட்டும்பாவ. எழுதிக்கிடுவாவ, போவாவ. ஆபீசரு போயிருவாவ, அண்ணாச்சி இங்கதான் இருப்பாவ. விளக்கு வைக்கையில எம் பெட்டி. சொல்லலன்னா? ஒண்ணும் ஆவாது. ஜெபராணி ஊருக்குப் போயி அம்மாகூட இருந்துக்கிடுவா. அவளுக்கு அம்மா இருக்கா, அண்ணன் இருக்கான், மனு எழுதுத அண்ணன். எனக்கு என்ன இருக்கு? யாரு என்னத்தச் சொன்னாலும் அவளுக்கு ஆளு உண்டு. எனக்குக் கட்டில் மட்டுந்தான். பொல்லாத கட்டிலு, மூட்டைப்பூச்சி அரிச்ச கட்டிலு, ஆனா எங் கட்டிலு. அவ்வளவுதான், முடிவு. ரெண்டையும் சொல்லிருவேன். பத்து மணி, ஆறரை, கஸ்டமரா வந்தா. மன்னிச்சிருளா ஜெபராணி. முடிவு பண்ணுன உடனே மூச்சு சீராயிட்டு, சத்தியமா. நிமிந்து நின்னு முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டேன்.

அந்தம்மா வந்து கவுண்டர்ல கைய ஊனி நின்னாவ. கிட்டத்துல பாத்தா என் வயசுதான் இருக்கும். செருப்புல இருந்து ஒரு காலை உருவி விரலை மடக்கி நீட்டுனாவ, அவியளுக்கும் கால் வலி. பேரு கேட்டாவ, சொன்னேன். எத்தன வருசம்னு கேட்டாவ, சொன்னேன். அடுத்து அதுதான்னு நான் நாக்கைத் தயாரா வச்சிருக்கேன். அவிய பேனாவ மூடிட்டாவ. ஃபைலையும் மூடி கவுண்டர்ல வச்சிட்டாவ. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க, நீங்களும் அதையேதான் சொல்லப்போறீங்க, வேண்டாம்மான்னு அலுத்துக்கிட்டு, விரிச்சுக் கெடந்த சேலையத் தடவிப் பாத்தாவ. பட்டு மாதிரி இருக்கே, காட்டனாம்மான்னாவ. ஆமா மேடம்னேன். பெறவு, சும்மா ரெண்டு பொம்பளைய பேசிக்கிடுத மாதிரித்தான் கேட்டாவ.

"ஆறரைக்குப் போயிட்டா ராத்திரி தூங்குற வரைக்கும் நிறைய நேரம் இருக்குமே. என்னம்மா செய்வீங்க?"

இதுக்கு அண்ணாச்சி ஒண்ணும் சொல்லித் தரல. ஏதாவது சொல்லு, முப்பிடாதி. சமையல்னு சொல்லு. ஹாஸ்டல்ல ஏது சமையல்? டிவின்னு சொல்லு. என்ன நாடகம்னு கேட்டா? ஏழு மணிக்கு என்ன ஓடுது, எட்டு மணிக்கு என்ன ஓடுது, எனக்கு என்ன தெரியும்? கோயில்னு சொல்லு. எந்தக் கோயில், எந்நேரம் விளக்கு ஏத்துவாவ? கடற்கரைன்னு சொல்லலாம், இந்த ஊர்ல கடல் இருக்கு, சாயங்காலம் அங்க சனம் போவும்னு சொல்லுதாவ, சாயங்காலம் அந்தத் தண்ணி என்ன நிறத்துல இருக்கும்? லீவுன்னு மாசத்துல ரெண்டு நாளு, அன்னைக்குத் துணி துவைச்சுப் போட்டுட்டுச் செத்த பொணமாப் படுப்பேன், எந்திரிக்கையில லைட்டு போட்டிருக்கும். இந்த ஊர்ல மேற்கு எந்தப் பக்கம்னு கூட எனக்குத் தெரியாது. சாயங்காலம் மனுசங்க என்ன செய்வாங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அவங்க சேலை எடுக்க வருவாங்க. எத்தன வருசச் சாயங்காலம். ஒவ்வொண்ணையும் யாரோ எடுத்துட்டுப் போயிருக்காவ, எனக்கு அது போனதே தெரியல, என்கிட்ட இருந்ததே தெரியல. மூஞ்சி சுடுது. அந்தம்மா சேலையில இருந்து கைய எடுத்துட்டு என்னையே பாக்காவ. கண்ணாடியில அண்ணாச்சியும் பாக்காவ. பாக்கட்டும்.

"தெரியல மேடம்"னேன். "சாயங்காலத்துல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. இங்க வந்த பெறவு நான் சாயங்காலம் பாத்ததே இல்ல."

எங் குரல் இவ்வளவு சத்தமா வரும்னு நான் நெனைக்கல. மாரிக்கனி அங்கேருந்து திரும்பிப் பாத்தா. அந்தம்மா ஃபைலத் திறந்தாவ, பேனா மூடியக் கழத்துனாவ. குரலைத் தணிச்சு, ஜெபராணி விழுந்த அன்னைக்கு அவங்க கடைக்கு எதுக்கு வந்தாங்கன்னு கேட்டாவ. தூண் பக்கம் அண்ணாச்சி தொண்டையக் கனைச்சாவ. எனக்குக் கட்டில் ஞாபகம் வந்துச்சு, போயிட்டு, அவ்வளவுதான் அது போயிட்டுன்னு தெரிஞ்சுச்சு. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனா பேச்சு நிக்கல.

"அவ எங்கயிருந்தும் வரல மேடம்"னேன். "காலைல இருந்து எம் பக்கத்துலதான் நின்னா."